டொக்வூட் மரமும் நுவரெலியாவின் குளிரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலத்துக்கு அழகு சேர்க்கும் வகையில் கிரகரி வாவிக் கரையிலும் விக்டோரியா பூங்காவிலும் டொக்வூட் மரங்களை வரிசையாக நட வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் அண்மையில் எழுதியிருந்தார். வெளிநாட்டில் அந்த மரத்தைப் பூத்த கோலத்தில் கண்டு திரும்பியவரின் பரவசம் அக்கடிதத்தில் வரிக்கு வரி தெரிந்தது. அந்தப் பரவசம் எனக்கும் தெரிந்ததே. மகளைப் பார்ப்பதற்காக ரொறன்ரோ சென்றிருந்த ஒரு மே மாதத்தில், இலைகள் இன்னும் முழுமையாக விரியாத கிளைகளின் மேல் யாரோ வெள்ளைத் தட்டுகளை அடுக்கி வைத்தாற்போல் அந்த மரம் நின்றதைக் கண்டு, பேருந்தைத் தவறவிட்டு நின்றவன் நான். ஆயினும் மலையகப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற முறையிலும், நுவரெலியாவில் வீட்டுத் தோட்டம் வைத்துப் பனியிடம் பலமுறை தோற்றவன் என்ற முறையிலும், அவருடைய ஆசையை ஆதரித்துக்கொண்டே அவர் கேட்கும் மரத்தை மறுக்க வேண்டியிருக்கிறது.

டொக்வூட் என்பது ஒரே மரத்தின் பெயரன்று. கோர்னஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல மரங்களும் செடிகளும் அப்பெயரால் அழைக்கப்படுகின்றன. வாசகர் வர்ணித்திருப்பது அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளுக்குச் சொந்தமான கோர்னஸ் புளோரிடா. வேர்ஜினியா மாநிலம் 1918 இல் அதன் பூவைத் தன் மாநிலப் பூவாகவும், 1956 இல் அம்மரத்தையே தன் மாநில மரமாகவும் ஏற்றுக்கொண்டது. ஜப்பான் வொஷிங்டன் நகருக்கு 1912 இல் செரி மரங்களை அனுப்பியதற்குக் கைமாறாக, 1915 இல் அமெரிக்கா ஜப்பானுக்கு அனுப்பி வைத்ததும் இந்த மரத்தைத்தான். பெயரில் இருக்கும் நாய்க்கும் மரத்துக்கும் என்ன உறவு என்பது பற்றி ஆங்கிலேயரிடையே பல கதைகள் உண்டு. அதை 'நாய்மரம்' என்று மொழிபெயர்த்து நம் பிள்ளைகளின் வாயில் போடாமல், டொக்வூட் என்றே எழுதிவிடுவது நல்லது. தமிழருக்கு இந்தக் குடும்பத்துடன் வேறொரு வழியில் பழைய உறவு இருக்கிறது. விதைகள் கீழே விழுந்தாலும் தாய்மரத்திலேயே திரும்பிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று நம் முன்னோர் நம்பிய அழிஞ்சில் மரம், இன்றைய தாவரவியல் வகைப்பாட்டின்படி இதே கோர்னேசியே குடும்பத்தைச் சேர்ந்தது.

வாசகர் 'நான்கு வெண்ணிற இதழ்கள்' என்று எழுதியிருப்பவை உண்மையில் இதழ்கள் அல்ல. அவை பூங்கொத்தைச் சூழ்ந்து நிற்கும் நிறம் மாறிய இலைகள். உண்மையான பூக்கள் அவற்றின் நடுவே பசுமஞ்சள் நிறத்தில், கடுகை விடச் சற்றே பெரியனவாக, நெருக்கமாகக் கூடி நிற்கின்றன. நம் வீட்டு வேலிகளில் படரும் போகன்வில்லாவின் ஊதா நிறமும், டிசம்பர் மாதத்தில் தோட்டத்துப் பங்களாக்களின் வாசலில் சிவக்கும் பொயின்செட்டியாவின் சிவப்பும் இவ்வாறே இலைகள் போடும் வேடம்தான். எனினும் புளோரிடா மரத்தின் இந்த வெள்ளை இலைகளுக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஒரு வரலாறு உண்டு. கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான மொட்டை அந்த மரம் கட்டிவிடுகிறது. பொத்தான் வடிவில் கிளை நுனியில் நிற்கும் அந்த மொட்டை, இலையுதிர் காலமும் உறைபனிக் காலமும் முழுவதும் நான்கு செதில்கள் மூடிக் காக்கின்றன. வசந்தம் வந்ததும் அதே செதில்கள்தாம் நீண்டு வளர்ந்து வெளுத்து 'இதழ்' ஆகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் காணப்படும் பழுப்பு நிறக் குழிவு, குளிரில் காய்ந்துபோன செதில் முனையின் எச்சம். அதாவது அந்தப் பூவின் முகத்திலேயே ஒரு குளிர்காலத்தின் தழும்பு இருக்கிறது.

என் மறுப்பும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நுவரெலியா குளிரான ஊர்தானே, ஐரோப்பியத் துரைமார் தங்கள் நாட்டை நினைத்து அமைத்த ஊர்தானே, அங்கே வளர்வது இங்கே வளராதா என்று கேட்கத் தோன்றும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மீது வெண்பனி உறைவதும், காலை வெயில் பட்டதும் கொழுந்து கருகி மலை முழுவதும் தீய்ந்த நிறமாவதும் நாம் ஆண்டுதோறும் காண்பவையே. ஆனால் அது இரவின் குளிர், பருவத்தின் குளிரன்று. விடியும் முன் உறையும் நிலத்தில் நண்பகலில் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டி பிடிக்கிறோம். பூமத்திய கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே இருக்கும் நமக்கு, ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை வேறுபாடு சில பாகைகளுக்கு மேற்படுவதில்லை. பகற்பொழுதின் நீளமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது. இலை உதிர்த்து, வாரக்கணக்காக, மாதக்கணக்காக இடைவிடாத குளிரில் உறங்கி எழுவதற்கென்றே பழகிய மரத்துக்கு எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்று சொல்லும் அடையாளம் எதுவும் இங்கே கிடைக்காது. மரம் பிழைத்து இலை விடக்கூடும். ஆனால் வாசகர் ஆசைப்படும் அந்த வெண்கோலம், ஒரு கிளையில் ஒன்றும் மறு கிளையில் ஒன்றுமாகச் சிதறிப் போகும் வாய்ப்பே அதிகம். விதையே கூட, சதையை நீக்கிக் கழுவி ஈரமணலில் இட்டு, ஐந்து பாகை செல்சியஸ் அளவிலான குளிரில் மூன்று நான்கு மாதங்கள் வைத்திருந்தால்தான் முளைக்கும். அதற்குக் குளிர்சாதனப் பெட்டி உதவலாம். வளர்ந்த மரத்தைப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

குளிர் ஒரு காரணம் என்றால், நோய் அதைவிடப் பெரிய காரணம். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இம்மரங்களின் இலைகளில் ஊதா நிற விளிம்புடைய புள்ளிகள் தோன்றி, கீழ்க்கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து, ஈற்றில் தண்டில் புண் விழுந்து மரமே மடியத் தொடங்கியது. டிஸ்கியூலா என்னும் பூஞ்சணமே காரணம் என்று கண்டறிந்தனர். அந்தப் பூஞ்சணம் எத்தகைய இடத்தில் தலைவிரித்தாடியது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வெயில் விழும் திறந்த வெளிகளில் மரங்கள் ஓரளவு தப்பின. குளிர்ந்த, நிழல் செறிந்த, இலை எந்நேரமும் ஈரமாயிருக்கும் மலைச்சரிவுகளிலேதான் அவை கூட்டமாக அழிந்தன. மேரிலாந்து மாநிலத்தின் கட்டோக்டின் மலைப்பூங்கா, அதாவது அமெரிக்க ஜனாதிபதிகளின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட் அமைந்திருக்கும் அதே காடு, இதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. கனடாவில் இன்று அது அருகிவரும் மரங்களுள் ஒன்று. மூடுபனி இறங்கினால் மூன்று நாட்கள் இலையில் நீர் காயாத நம் ஊருக்கு அந்த மரத்தைக் கொண்டுவருவது, நோய்க்குப் பந்தி விரித்து அழைப்பதாகும். தேயிலையில் கொப்புள நோய் 1946 இல் இந்நாட்டுக்கு வந்தபோது எந்த மழையையும் மூடுபனியையும் பற்றிக்கொண்டு மலைகளில் பரவியது என்பதை மூத்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் சொல்லும். 1869 இல் கோப்பிச் செடியின் இலையில் கண்ட துரு நோய் என்ன செய்தது என்பதற்கு, கோப்பி மலைகளெல்லாம் தேயிலை மலைகளாகி நிற்பதே பதில்.

இந்த இடத்தில் சற்றே விலகி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 1861 இல் தொடங்கப்பட்டது அழகுக்காக அன்று, மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காக. அதே 1861 இல்தான் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. கடல்வழி அடைக்கப்பட்டு, சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கப்படும் கொயினா மருந்து கிடைக்காமற் போன தென் மாநிலத்தவர்கள், காய்ச்சலுக்கு டொக்வூட் மரத்தின் பட்டையைக் காய்ச்சிக் குடித்தனர். ஒரு மலையில் சிங்கோனாப் பட்டைக்காக நிலம் திருத்தப்பட்டபோது, உலகின் மறுபுறத்தில் அதற்கு மாற்றாக டொக்வூட் பட்டை உரிக்கப்பட்டிருக்கிறது. டொக்வூட் மரத்தை இம்மலைகளில் சோதித்துப் பார்க்க ஹக்கலையை விடப் பொருத்தமான இடம் இல்லை என்று நான் கருதுவதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம் என்று சொன்னால், அது ஆசிரியர்களுக்கே உரிய பலவீனம் என்று மன்னித்துவிடுங்கள்.

சோதிக்க வேண்டியது எந்த டொக்வூட்டை? இமாலயத்தின் கோர்னஸ் கபிடாட்டாவை என்பது என் துணிவு. உத்தராகண்ட் மலைமக்கள் 'பமோரா' என்று அழைக்கும் இம்மரம் இமாலயச் சரிவுகளில், நுவரெலியாவை ஒத்த உயரங்களில், பருவமழையில் நனைந்து வளர்வது. இலை உதிர்க்காமல் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பது என்பதால், நீண்ட குளிர் உறக்கத்தை அது புளோரிடாவைப் போல் வேண்டி நிற்பதில்லை. சிறு உறைபனியைத் தாங்கும். கடும் குளிரைத்தான் தாங்காது. பிரித்தானியாவில்கூட மற்ற இடங்களை விடக் குளிர் குறைந்த கோர்ன்வோல் பகுதியிலேதான் அது செழித்து வளர்ந்து பூக்கிறது. பூவைச் சூழ்ந்த இலைகள் தூய வெண்மையாக இல்லாமல் பசும்பால் ஆடையின் இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். புளோரிடாவின் நுனிக்குழிவு இவற்றில் இல்லை. இலைகளுக்கு நடுவே பூப்பதால், மொட்டைக் கிளையில் வெள்ளைத் தட்டு அடுக்கிய அந்தக் காட்சி இதில் கிடைக்காது. சாம்பல் கலந்த பச்சை இலைகளின் மேல் வெளிர்மஞ்சள் விண்மீன்கள் படிந்த வேறொரு காட்சி கிடைக்கும். பின்னர் ஸ்ட்ரோபெரியைப் போன்ற சிவந்த பழங்கள் தொங்கும். அவற்றை உண்ணலாம், சற்றே கசப்பு கலந்த இனிப்பு. இதன் நெருங்கிய உறவான கௌசா என்னும் கிழக்காசிய மரம் டிஸ்கியூலா நோயைப் பெரும்பாலும் எதிர்த்து நிற்கிறது எனினும், அதுவும் இலை உதிர்த்துக் குளிருக்குக் காத்திருக்கும் இனமே.

கபிடாட்டாவுக்கும் நம் ஊர் முழுக்க முழுக்கப் பொருந்திவிடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. இமாலயத்தில் கோடையும் குளிரும் மாறி மாறி வருகின்றன. இங்கே அப்படி இல்லை. ஏப்ரல் வசந்தகாலத்தின் நாட்காட்டியைப் பார்த்து அது பூக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அதனாலேயே நூறு கன்றுகளை ஒரே நாளில் வாவிக்கரையில் நடுவதை நான் எதிர்க்கிறேன். பத்துப் பன்னிரண்டு கன்றுகளை ஹக்கலையின் ஒரு மூலையில் நட்டுச் சில ஆண்டுகள் பார்க்கலாம். விதையிலிருந்து வந்த கன்று பூப்பதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும். ஒட்டுக் கன்று சற்று முந்தும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பூங்காவில் பெட்டூனியா நடலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, வாவிக்கரை எந்த டொக்வூட்டுக்கும் உகந்ததன்று. இம்மரங்களின் வேர் ஆழமாகப் போவதில்லை. நிலத்தின் மேற்பரப்பிலேயே படர்கிறது. நீர் தேங்கும் மண்ணில் அது மூச்சுத் திணறி அழுகும். அதே காரணத்தால் வறண்ட காற்று வீசும் பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து மேடுகளிலும் மூடாக்கு இல்லாமல் அது தாக்குப்பிடிக்காது. தேயிலைக்கு ஏற்ற புளிப்பான (அமிலத்தன்மையுள்ள) மண் நம்மிடம் இருப்பது பெரிய வசதி. டொக்வூட்டும் புளிப்புத் தன்மையுள்ள மண்ணையே நாடும், ஆயினும் தேயிலை அளவுக்குப் புளிப்பு வேண்டியதில்லை. காலை வெயில் படவும் பிற்பகல் வெயில் மறையவும் கூடிய சரிவில், கான் வெட்டி நீர் வடியும்படி செய்து, குழியை ஆழமாக அல்லாமல் அகலமாகத் தோண்டி, நாற்று வளர்க்கும் தவறணையின் பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் கன்றை நிறுத்த வேண்டும். (வடக்கிலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் 'தவறணையில் கன்று வாங்கினேன்' என்றபோது அவர் திடுக்கிட்டது நினைவுக்கு வருகிறது, அங்கே அந்தச் சொல்லுக்குக் கள்ளுக்கடை என்று பொருள்.) பிறகு காய்ந்த இலையையோ மானாப்புல்லையோ இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்பி, தண்டைத் தொடாதபடி ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும். நம் தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா மரத்தின் மெல்லிய நிழல் அதற்குப் பொருந்தும். டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்தின் அடியில் நட்டால் பெரிய மரம் நீரையெல்லாம் உறிஞ்சிவிடும்.

நட்ட பிறகு செய்யக்கூடாதவை இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, கவ்வாத்து. தேயிலையை மட்டமாக வெட்டிப் பழகிய கைகள் நம்முடையவை; கிடையாக அடுக்கடுக்காகப் படரும் கிளைகளே டொக்வூட்டின் அழகு என்பதால், காய்ந்த கிளையையும் ஒன்றோடொன்று உராயும் கிளையையும் பூத்து முடிந்தபின் நீக்குவதற்கு மேல் கத்தி வைக்கக் கூடாது. மற்றொன்று, புல்வெட்டும் இயந்திரம். பொதுப் பூங்கா ஒன்றில் நன்றாக வளர்ந்து வந்த ஓர் இளமரத்தின் அடித்தண்டைச் சுற்றி அந்த இயந்திரத்தின் நைலோன் கயிறு பட்டையை உரித்துவிட, இரண்டு ஆண்டுகளுக்குள் அது நின்றபடியே காய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். டொக்வூட்டின் பட்டை மெல்லியது; காயத்தின் வழியே துளைப்பான் பூச்சி நுழையும். மரநடுகை விழாவில் மண்வெட்டி பிடித்துப் படம் எடுத்துக்கொள்பவர்கள் மறுநாள் வரப்போவதில்லை. அங்கே நாட்கூலிக்குப் புல் வெட்டும் தொழிலாளிக்கு, இந்த மரத்தைச் சுற்றி மூன்றடிக்குப் புல்லைக் கையால் களைய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும், அதற்கான நேரத்தை அவருடைய வேலைநேரத்துக்குள் ஒதுக்கிக்கொடுப்பதும் விழாவை விட முக்கியம்.

கபிடாட்டாவைப் பரிந்துரைக்கும் நானே அதற்கு எதிரான சாட்சியையும் மறைக்காமல் வைக்க வேண்டும். அதன் பழத்தைப் பறவைகள் விரும்பித் தின்று விதையைப் பரப்பும். அவுஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் அது தோட்டத்தை விட்டு வெளியேறித் தானாக முளைத்திருக்கிறது. நாம் இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒரு முறைக்கு மேல் படித்திருக்கிறோம். பெரிய அழகிய இலைக்காக 1888 இல் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மைகோனியா, பறவைகளின் தயவால் வெளியேறி இன்று மத்திய மலைநாட்டுக் காடுகளில் மற்றச் செடிகளை நிழலில் அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பியர் நாட்டு நினைவுக்காக வந்த கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்செடியை ஹோட்டன் சமவெளியிலிருந்து பிடுங்கி எறியத் தொண்டர்கள் இன்னமும் பாடுபடுகிறார்கள். ஆகவே ஹக்கலையில் நடும் கன்றுகளும் காட்டெல்லையை ஒட்டி அல்லாமல் உள்ளே தள்ளி நடப்பட வேண்டும். பழம் விழும் காலத்தில் அடியில் முளைத்த நாற்றுகளை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை மிகுந்தால், பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் மரத்தை வெட்டிவிடும் துணிவும் வேண்டும். காட்டோரங்களிலும் பத்தனைகள் என்னும் மலைப்புல்வெளிகளிலும் பூமரம் வேண்டுமென்றால், அங்கே தானாகவே சிவந்து பூக்கும் நம் மகா ரத்மல் (ரோடோடென்ரன்) இருக்கும்போது இமாலயம் வரை போக வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பயணத்தில் பையில் விதையையோ கன்றையோ மறைத்து எடுத்துவர எண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் தாவரப் பொருட்களைக் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் பையைத் திறக்கச் சொன்னால் அதைத் தொல்லை என்று எண்ணக் கூடாது. நான் மேலே சொன்ன பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் வருவது அத்தகைய கன்றுகளில்தான். என் மகளும் ரொறன்ரோவிலிருந்து ஒரு கன்றைச் சுற்றி அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னது எனக்கும் எளிதாக இருக்கவில்லை.

உள்ளூரில் வாங்குபவர்களும் ஏமாறாமல் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வீதியோரத் தவறணை ஒன்றில் 'டொக்வூட்' என்ற அட்டை கட்டிய கன்றொன்றைக் கண்டு, விலைகூடக் கேட்காமல் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் அது முசெண்டா! வெப்ப நாடுகளில் அந்தச் செடிக்கும் டொக்வூட் என்ற பட்டப்பெயர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. விற்றவரைக் குறை சொல்லவும் வழியில்லை. முசெண்டா என்ற பெயரே சிங்கள மொழியிலிருந்து தாவரவியலுக்குப் போனது. நம் காட்டோரங்களில் நிற்கும் வெள்ளிலைச் செடி அந்த இனம்தான். அதில் வெளுத்துப் பெருத்துத் தெரிவது பூவைச் சூழ்ந்த இலையன்று, பூவின் புல்லிகளுள் ஒன்று. கண்டியிலோ கம்பளையிலோ அது நன்றாக வளரும். என் முற்றத்தில் அது முதல் ஜனவரிப் பனிக்கே கருகிவிட்டது. அந்தக் குழியை நான் மூடவில்லை. ஹக்கலையிலிருந்து முறையாகச் சோதிக்கப்பட்ட ஒரு கன்று கிடைக்கும் நாள்வரை அதில் கரட் போட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா.